கடைசிப் பக்கத்திலிருந்து படித்த அப்பா

ஸ்டெல்லா, ரோஸி, அப்பா எழுதுகிறேன். போனில் பாதி சொல்வதற்குள் ரோஸி சிரித்துவிடுகிறாள், அதனால்தான் இந்தக் காகிதம். இங்கே என்னைப் போல வந்து கிடக்கிற அப்பாக்கள் படித்தாலும் நல்லதுதான்.

சிங்கப்பூரில் நூலகத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஆள் தேவையில்லை. சுவரில் ஒரு வாய் இருக்கிறது, போட்டால் விழுங்கிக்கொள்ளும். படித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதற்கு எனக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

நான் எட்டாவதோடு நின்றவன். கம்பி கட்டும் வேலைக்குப் போய்வந்த நாட்களில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில்தான் கதை படிக்கப் பழகினேன். கடைக்காரர் மாத நாவலை நீட்டி, "கிளியனூர் வண்டி வர்ற வரைக்கும் படிச்சிக்கினு இரு, கசக்கிடாத" என்பார். வண்டி எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்? அதனால் கொலைகாரன் யாரென்று கடைசிப் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவேன். இங்கே வந்த பிறகு, விடுதியில் கைமாறி வந்த குடும்பக் கதைகள். அவையும் சுலபம், முப்பது பக்கம் தள்ளிப் போனாலும் மாமியார் அதே இடத்தில்தான் நிற்பார்.

ஸ்டெல்லா, பிளஸ் ஒன் சேர்ந்ததும் நீ ஒரு தடித்த நாவலைச் சொன்னாய். அதே நாவல் இங்கே தமிழ் அலமாரியில் இருந்தது. எடுத்தால், ஒரு பத்தி நாலு பக்கம் ஓடுகிறது. பழக்கம் விடவில்லை. கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, அந்த ஞாயிறே போனில் உன்னிடம் "படிச்சிட்டேன்" என்றேன்.

"அப்ப சொல்லுப்பா. ரொம்ப வருஷம் கழிச்சி அண்ணன் வந்து கதவத் தட்றான். தங்கச்சி ஏன் தொறக்கல?"

எந்தக் கதவென்றே எனக்குத் தெரியாது. "கோவமா இருக்கும்" என்றேன்.

"அப்பா கடைசிப் பக்கத்தப் பாத்துக்கினு வந்து பேசறாரு" என்றாள் ரோஸி. நீ சிரிக்கவில்லை. "வுடுப்பா, அது உனக்கு வேணாம்" என்றாய். அடுத்த வாரங்களில் சாப்டியா, தூங்கினியா, அவ்வளவுதான் பேச்சு. இப்படியே போனால் என்னோடு பேச உனக்கு ஒன்றுமே இருக்காது என்று பயந்துபோனேன்.

புத்தகத்தை மறுபடி எடுத்தேன். சைட்டில் புரியாத டிராயிங் வந்தால் மொத்தத்தையும் பார்த்து மிரள மாட்டோம். ஒரு தூணை மட்டும் எடுத்து, எந்தக் கம்பி எதோடு சேர்கிறது என்று தாளில் வரைவோம். நாவலின் ஆட்களை அப்படி வரைந்தேன். யார் யாருக்கு உறவு, யார் எப்போது ஊரை விட்டுப் போனார். நாளுக்கு நாலே பக்கம். மூன்றாம் தடவை அதே புத்தகத்தைப் பதியப் போனபோது நூலகத்துச் சீனப் பெண், "ஸேம் புக்? எக்ஸாம்?" என்றார். "டாட்டர்" என்றேன். மகளுக்குப் பரீட்சை என்று நினைத்து "குட் லக்" சொன்னார். பரீட்சை எனக்குத்தான் என்று விளக்க என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

ஒரு மதியம், சோற்றுப் பொட்டலம் மடியில் இருக்க, என் தாளைப் பார்த்தேன். அண்ணன் புறப்பட்ட அன்று தங்கை அவன் பின்னாலேயே தெருமுனைவரை ஓடியதாக எப்போதோ எழுதி வைத்திருந்தேன். அவள் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நாற்பத்தாறு வயதில் மூளை இறுகிவிட்டது என்று நினைத்திருந்தவன், சோற்றை மறந்து உட்கார்ந்திருந்தேன். ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை; அன்று சாயங்காலமே கூப்பிட்டேன்.

"கோவம் இல்லமா. தொறந்தா உள்ள வருவான். லீவு முடிஞ்சா மறுபடியும் போவான். அத இன்னொரு தபா பாக்க அவளுக்குத் தெம்பு இல்ல."

உடனே நீ கேட்டாய்:

"நீ கெளம்பறப்போ நான் ரூம்ல பூந்துக்குவனே, அது மாதிரியாப்பா?"

பெட்டியோடு நான் ஆட்டோ ஏறும்போதெல்லாம் நீ வெளியே வராததை, இத்தனை வருடமும் திமிர் என்றே நினைத்திருந்தேன், ஸ்டெல்லா.

"நான் அந்தப் பக்கத்தோட நிறுத்திட்டேன்பா. நெசமாவே புரியலனுதான் உன்னக் கேட்டேன். இனிமே படிக்கறேன்" என்றாய்.

"அக்காவும் படிக்கல, அப்பாவும் படிக்கல. நல்ல குடும்பம்" என்றாள் ரோஸி.

போனை வைத்தபோது அறையில் யாருமில்லை. புத்தகத்தை எடுத்தேன். நான் நிற்கும் முந்நூற்றுப் பத்தாம் பக்கத்தில் ஒரு தாள் துண்டு இருந்தது. இன்னொன்று கிழித்து, அண்ணன் கதவைத் தட்டும், நீ நிற்கும் நூற்று நாற்பதாம் பக்கத்தில் வைத்தேன்.