மணப்பெண்ணின் பதினோரு தோழிகள்

ஒரு திங்கட்கிழமை முதல் பீரியடில் நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. என் வகுப்பில் பிள்ளைகள் தூங்குவது வழக்கம்தான். மயங்கி விழுந்தது அதுதான் முதல் தடவை. விழுந்தவள் இரண்டாம் ஆண்டிலேயே நன்றாகக் கணக்குப் போடுகிற பெண். அதனால் பழி என் பாடத்தின் மேல் வராது என்று எனக்கு அற்பமாக ஓர் ஆறுதல்கூட வந்தது. தண்ணீர் தெளித்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை நாங்க ஒறங்குவோம் மிஸ்," என்றாள். "ஒறங்குனா பசிக்காதுல்லா?"

நாகர்கோவிலை ஒட்டி இருக்கிறது எங்கள் கல்லூரி. மாணவிகள் ஹாஸ்டல் என்பது வாடகைக்கு எடுத்த ஒரு பழைய மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை அங்கே அடுப்பு எரியாது. சமைக்கிற அக்காவுக்கும் வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டாமா? பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சனிக்கிழமையே வீட்டுக்குப் போய்விடுவார்கள். கையில் காசு உள்ளவர்கள் பிரியாணி வாங்கிக்கொள்வார்கள். மீதிப் பதினோரு பேர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் வரைக்கும் மத்தியானச் சாப்பாடு உண்டு. கல்லூரி வாசலை மிதித்த அன்றோடு பிள்ளைகளுக்குப் பசி நின்றுவிடும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த யாரோ அன்று என் கையில் கிடைத்திருந்தால் டஸ்டராலேயே அடித்திருப்பேன். ஒரு வருஷமாக அவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்தியும் இது தெரியாமல் இருந்த எனக்கும் இரண்டு அடி விழுந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் அம்மா குலசேகரம் பக்கம் அண்டி ஆபீசில் வேலை செய்பவர். முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலைக்கு எங்கள் மாவட்டத்தில் அதுதான் பெயர். விஷயம் தெரிந்ததும் போனில் கூப்பிட்டார்.

"எனக்க பிள்ள பட்டினி கெடந்து படிக்கண்டாம் மிஸ். கிறிஸ்மஸ் லீவுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். இங்க அண்டி ஆபீசுல ஆளு வேணும்னு சொல்லியாச்சு."

"அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமைச் சோத்துக்கு நான் பொறுப்பு. அப்பவும் பட்டினின்னா கூட்டிட்டுப் போங்க," என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

வழி சொன்னவர் எங்கள் கல்லூரி நூலகர். குரலை உயர்த்தாத மனிதர். சர்க்கரை வியாதி உண்டு. தள்ளினால் மட்டுமே கிளம்புகிற ஒரு வேனும் உண்டு. "ஆவணி பொறந்தாச்சு டீச்சர். ஞாயித்துக்கிழமை தவறாம முகூர்த்தம். ஒவ்வொரு மண்டபத்துலயும் அவ்வளவு சோறு பொங்குதாங்க. மிச்சத்த வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தா என்ன?" என்றார். எனக்கு அவர் அன்று மகானாகத் தெரிந்தார். மூடி போட்ட இரண்டு பெரிய பாத்திரங்கள் வாங்கினோம்.

முதல் ஞாயிறு. முதல் மண்டபம். நான் நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போய், "சாப்பாடு மிச்சம் இருந்தா…" என்று ஆரம்பித்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டோமோ என்று நினைத்தேன்.

"மிச்சமா? எங்க வீட்டுக் கல்யாணத்துலயா? யாரு சொன்னா ஒங்களுக்கு?"

எங்கள் பக்கத்தில் பந்தி நடுவில் சோறு தீர்ந்து போனால் மானம் போகும். பந்தி முடிந்து சோறு மிஞ்சினாலும் மானம் போகும், கூப்பிட்டவர்கள் வரவில்லை என்று ஆகிவிடுமே. நாற்பத்தாறு வருஷம் இதே மண்ணில் சோறு தின்ற எனக்கு அது உறைக்கவில்லை. அவர் எங்கள் இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பந்தியில் உட்கார வைத்தார். கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புவது அதைவிடப் பெரிய மானக்கேடு. பருப்பு, சாம்பார், புளிசேரி, அவியல், மூன்று வகைப் பாயசம். வேண்டாம் என்று இலையை மறைத்த நூலகரின் கைமேலேயே பாயசத்தை விட்டார்கள். வெறும் பாத்திரத்தோடும் நிறைந்த வயிற்றோடும் ஹாஸ்டலுக்குப் போய் ரொட்டியும் பழமும் வாங்கிக் கொடுத்தோம். ஏப்பம் வந்துவிடக் கூடாதே என்று நான் வாயைப் பொத்திக்கொண்டே பேசினேன்.

அடுத்த வாரங்களில் 'மிச்சம்' என்ற சொல்லை விட்டுவிட்டோம். பலன் மட்டும் மாறவில்லை. போகிற இடமெல்லாம் "மொதல்ல இலையில இரியுங்க" என்றார்கள். எழுந்து கை கழுவுவதற்குள் மண்டபத்துச் சோற்று அண்டா காலியாகிக் கழுவப்பட்டிருக்கும். ஒரு மண்டபத்தில் சமையல்காரர் இரக்கப்பட்டுப் பின்வாசல் வழியாக இரண்டு பாத்திரங்களையும் நிரப்பிக் கொடுத்தார். ஹாஸ்டலில் திறந்தால், ஒன்றில் ரசம், இன்னொன்றில் அப்பளம். பிள்ளைகள் ரசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக் குடித்துவிட்டு "நல்லா இருக்கு மிஸ்" என்றார்கள். அந்த நல்ல வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த லட்சணத்தில் பசியைப் போக்கக் கிளம்பிய நான் ஊதிக்கொண்டே போனேன். ஜாக்கெட் பிரித்துத் தைக்கப் போன இடத்தில் தையல்கார அக்கா என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "விசேஷமா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டாள். நூலகரின் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர், அப்படி என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாராம். "சமூக சேவை சார்," என்று சொல்லியிருக்கிறார் இந்த மனிதர்.

முகூர்த்தம் இல்லாத புரட்டாசி ரொட்டியிலும் பழத்திலும் போனது. கார்த்திகை வந்தது. மழையும் வந்தது. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க நான் காலண்டரில் மீதி ஞாயிறுகளை எண்ணத் தொடங்கினேன். அந்தப் பெண் தன் கணக்கு நோட்டுகளை ஜூனியர் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அந்த வார ஞாயிறு பூதப்பாண்டியில் ஒரு கல்யாணம். சமையல்கட்டுப் பக்கம் நாங்கள் பாத்திரத்தோடு நின்றதைப் பார்த்துப் பெண்ணின் அப்பா ஓடி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் நானே, "இல்லண்ணே, நாங்க சும்மா…" என்று பின்வாங்கினேன்.

"டீச்சர், ஆளு உண்டா?" என்றார்.

"என்ன ஆளு?"

"சாப்பிடதுக்கு ஆளு!"

அதே முகூர்த்தத்தில் அவர் பங்காளி வீட்டிலும் கல்யாணம். நாகர்கோவிலில் பெரிய ஏசி மண்டபம். சொந்தக்காரர்கள் மொத்தமும் மழைக்கு அங்கேயே ஒதுங்கிவிட்டார்கள். இங்கே பந்தியில் ஒரு வரிசை இலை அப்படியே காலி. மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலியில் இருந்து வந்து இறங்கியாயிற்று. பெண்ணுக்கு நாதி இல்லை என்று நினைத்துவிடுவார்களே என்று அந்த மனிதர் கண் கலங்கி நின்றார். மூன்று மாதமாக நான் சோறு உண்டா என்று கேட்டு அலைகிறேன். இவர் என்னடா என்றால் ஆள் உண்டா என்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். எடுத்தவள் அதே பெண்தான்.

"விளிக்காத கல்யாணத்துக்கு எப்படிப் போறது மிஸ்? நாங்க என்ன சோத்துக்கு அலையிதோமா?" என்றாள்.

ஸ்பீக்கரில் கேட்ட மணப்பெண்ணின் அப்பா ஒரு நொடி யோசித்தார். உள்ளே போய் வெற்றிலை பாக்குத் தட்டில் அழைப்பிதழை வைத்து எடுத்துக்கொண்டு வந்து, பட்டுச் சட்டையோடு எங்கள் வேனைத் தள்ளி, ஓடி ஏறிக்கொண்டார். ஹாஸ்டல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பதினோரு பேர் முன்னாலும் தட்டை நீட்டினார். "எம் மவ கல்யாணம். நீங்க எல்லாரும் வந்து நல்லபடியா நடத்தித் தரணும்."

"என்னைக்கு மாமா?" என்று ஒருத்தி மரியாதையாகக் கேட்டாள்.

"இன்னைக்கு மக்கா. இப்ப."

பத்து நிமிஷத்தில் பதினோரு பேரும் தலை சீவிப் பொட்டு வைத்து வேனில் ஏறினார்கள். அந்த வேனில் அத்தனை பேர் ஏறவே முடியாது. கணக்கு டீச்சராகச் சொல்கிறேன். ஏறினார்கள்.

மணப்பெண்ணின் தோழிகள் என்று சொல்லி உட்கார வைத்தோம். வரிசை நிறைந்தது. அடுத்த பந்தியிலும் ஆள் குறைந்தபோது துப்பட்டாவை மாற்றிப் போட்டுக்கொண்டு ஆறு பேர் மறுபடியும் உட்கார்ந்தார்கள். வயிறாரச் சாப்பிட்டார்கள். பாயசத்தை இலையில் விட்டு அப்பளத்தை நொறுக்கிப் பிசைந்து சாப்பிட்டார்கள். அப்போது மாப்பிள்ளையின் அத்தை வந்து விசாரணையைத் தொடங்கினாள்.

"எங்க பொண்ணு எப்படி?"

"நல்லா நீந்துவா," என்றாள் ஒருத்தி.

"தண்ணியக் கண்டாலே பயப்படுவா," என்றாள் அதே நேரத்தில் இன்னொருத்தி.

"நீந்துவாளா, பயப்படுவாளா?"

"பயந்துகிட்டே நீந்துவா," என்றாள் மூன்றாவது ஒருத்தி, எரிசேரியை வழித்தபடி.

அத்தைக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. எல்லாரையும் மேடைக்கே ஓட்டிக்கொண்டு போனாள். மணப்பெண் இவர்களை ஜென்மத்தில் பார்த்ததில்லை. அவள் பதினோரு முகங்களையும் பார்த்தாள். கீழே கையைப் பிசைந்துகொண்டு நின்ற அப்பாவைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, முன்னால் நின்ற நம் கணக்குக்காரியின் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, வந்தியா! எவ்வளவு நேரமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்!"

கணக்குக்காரி அழுதேவிட்டாள். அது நடிப்பு இல்லை. பிரிவுத் துயரம் என்று அத்தையும் கூடச் சேர்ந்து அழுதாள்.

பூதப்பாண்டிக்காரர் இதை ஊரெல்லாம் பேசிவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் கல்யாண வீட்டார் தாங்களாகவே தட்டோடு ஹாஸ்டலுக்கு வந்தார்கள். இரண்டாவது மண்டபத்தில் போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, "எல்லாப் பொண்ணுக்கும் நீங்கதானா தோழி?" என்று கேட்டார். பிறகு மார்கழி பிறந்தது. கல்யாணங்கள் நின்றன.

அந்த நேரம் பார்த்துப் பூதப்பாண்டி மணப்பெண் போன் செய்தாள். "மிஸ், மாப்பிள வீட்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. பதினோரு தோழிகள்ல ஒருத்திகூட விருந்துக்குக் கூப்பிடலியான்னு. ஒரு டீ போதும் மிஸ்."

கல்யாணம் முடிந்த மாப்பிள்ளையையும் பெண்ணையும் சொந்தக்காரர்களும் தோழிகளும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பது எங்கள் வழக்கம். அது எனக்கு மறந்தே போயிருந்தது. பிள்ளைகளிடம் சொன்னபோது கொதித்துவிட்டார்கள். "டீயா? நம்ம தோழிக்கா?" என்றாள் ஒருத்தி. வாரா வாரம் பட்டினி கிடந்தவர்கள் இலை போட்டு விருந்து வைப்பதாக முடிவு செய்தார்கள். வார்டனிடம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சமையலறைச் சாவி வாங்கினேன். இது நடந்த பிறகுதான் அப்படி ஒரு சாவி உண்டு என்பதே எங்கள் மண்டையில் ஏறியது. மூன்று மாதம் மண்டபம் மண்டபமாக அலைந்த இரண்டு பேரும் படித்தவர்கள் என்பதைக் கவனிக்கவும்.

பூதப்பாண்டியில் இருந்து இலையும் காய்கறியும் வந்தன. மற்ற இரண்டு கல்யாண வீட்டாரும் அரிசியும் தேங்காயும் அனுப்பினார்கள். மிச்சம் என்றால் முகம் சுளிக்கிற ஊர், விருந்து என்றதும் மூட்டையாகவே அனுப்பியது. சாம்பார், தேங்காய் வறுத்தரைத்த தீயல் குழம்பு என்று சமையல் முழுக்க அந்தக் கணக்குக்காரியின் பொறுப்பு. என்னைத் தேங்காய் துருவ விட்டாள். நான் துருவிய லட்சணத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ் நீங்க போய் வாசல்ல நில்லுங்க, வாறவங்கள வாங்கன்னு சொல்லுங்க," என்றாள்.

அப்படி நின்றபோதுதான், லீவு விடுவதற்கு முன்னாலேயே, அவள் அம்மா வந்தார். கையில் பெரிய காலிப் பை, துணிமணிகளை அள்ளிப் போட. நான் பேச வாயெடுப்பதற்குள் நூலகர் யாரோ விருந்தாளி என்று நினைத்து, "வாங்க வாங்க, மொதல்ல இலையில இரியுங்க," என்று ஏற்கெனவே இலை முன் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்.

இடுப்பில் துப்பட்டாவைச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியோடு வந்த மகள், அம்மாவைக் கண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு குனிந்து அம்மாவின் இலையில் சாம்பாரை விளம்பினாள். அம்மாவின் விரல்கள் முந்திரித்தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தன. மெதுவாகச் சாப்பிட்டார். நடுநடுவே தலையைத் தூக்கி ஓடியாடுகிற பிள்ளைகளைப் பார்த்தார். கை கழுவிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"இது இன்னைக்கு மட்டும் உள்ளதா மிஸ், எல்லா ஞாயித்துக்கிழமையும் உண்டுமா?"

நான் பொய் சொல்லத் தயாராக இருந்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"இவ்வளவு கறி எப்பவும் இருக்காதும்மா. அரிசி உண்டு, தேங்கா உண்டு. சாவி எனக்க கையில உண்டு. இனி நாங்களே பொங்குவோம்."

அம்மா காலிப் பையைக் கையில் எடுத்தார். "தீயல்ல கொஞ்சம் புளி கூடிப்போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துப் போடு," என்றார். பிறகு காலிப் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தனியாகக் குலசேகரம் பஸ் ஏறினார்.