அவர் போயிட்டார்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்வார். வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டுக்கு யார் சண்டைக்கு வந்தாலும் கதவைத் திறக்க என்னைத்தான் அனுப்புவார்கள். அந்த வாயோடுதான் ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவுக்குத் தாதி வேலைக்குப் போனேன். இரத்தத்துக்குப் பயமில்லாவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன், மடைச்சி.

மூன்றாம் மாதம். ஒரு முற்பகல், புறக்கோட்டைக் கடையொன்றில் ஏணியிலிருந்து விழுந்தவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதிருக்கும். கால் முறிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. தலைக்குள் நடந்தது தெரியவில்லை. "கால்தான் எண்டு மனிசிக்குச் சொல்லிவிடுங்கோ, மிஸ். பயந்துபோவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சொல்கிறேன் என்றேன். அரை மணித்தியாலத்தில் இறந்துபோனார். டாக்டர் போதும் என்னும் வரை அவருடைய நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன்.

நான் கை கழுவி முடிப்பதற்குள் கொட்டாஞ்சேனையிலிருந்து மனைவி வந்துவிட்டார். கையில் சோற்றுப் பார்சல். காலில் அடி என்று மட்டும் கடையிலிருந்து போன் பண்ணியிருக்கிறார்கள். டாக்டருக்குச் சிங்களம்தான், தமிழ் வராது. அந்த நேரம் வேலையில் இருந்த தாதிகளில் நான் ஒருத்திதான் தமிழ். "தெமளென் கியன்ன" என்று தமிழில் சொல்லும் பொறுப்பை என் தலையில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

செத்துப்போனார் என்று சொன்னால் முடிந்தது. என்னவோ, அந்தச் சொல் மரியாதையில்லாததுபோல் பட்டது. காலமானார் என்றால் பேப்பரில் போடும் மரண அறிவித்தல் மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் சொல்கிறபடி மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, அவர் போயிட்டார்."

அவருடைய முகம் மலர்ந்தது.

"வீட்டையோ? அட கடவுளே, அப்ப வழியில மாறிப் போட்டம். ஒரு இடத்தில இருக்கமாட்டார், மிஸ், அந்த மனிசன். நொண்டி நொண்டி என்னெண்டு படியேறுறாரோ!" சிரித்தபடி பார்சலை என் கையில் திணித்தார். "நீங்க சாப்பிடுங்கோ. காலமையிலிருந்து நிக்கிறியள் போல."

போயே விட்டார். நான் பார்சலோடு நின்றேன். ஊரையே வாயால் விரட்டுகிறவளுக்கு ஒரு சத்தம் வரவில்லை. அந்தப் பெண் ஏன் சிரித்துக்கொண்டு போகிறார் என்று பக்கத்தில் நின்ற தாதி சிங்களத்தில் கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

சீருடையோடு வீதியில் ஓடினேன். பஸ் தரிப்பிடத்தில் அவர் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கினார்.

"என்ன மிஸ், மருந்துத் துண்டை விட்டிட்டுப் போயிட்டாரோ?"

கொட்டாஞ்சேனை, கொட்டாஞ்சேனை என்று கொண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் நானும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, அவர் செத்துப்போனார். ஆஸ்பத்திரியிலதான் இருக்கிறார்."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. அவர் என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் அழக்கூட இல்லை. என் கையைப் பார்த்தார். ஓடிவந்த அவசரத்தில் பார்சலை வைத்துவிட்டு வர மறந்திருந்தேன். சூடு இன்னும் ஆறவில்லை.

"அப்ப நான் என்னத்துக்கு மிஸ் சிரிச்சனான்?" என்று கேட்டார்.