‘ஓம் மகன்’ என்று சொன்னவர்

கொரோனா வந்த முதல் வருடத்தின் கடைசி. மாரி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த காலம். கல்முனைக்குப் பக்கத்தில், கடலோரமாக இருக்கும் ஓர் ஊரில், என் மனைவியின் வீட்டில் நடந்தது இது. மனைவியின் வீடு என்றதும் வெளியூர்க்காரர்கள் நான் விருந்துக்குப் போயிருந்ததாக நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேறுவான். பெண்ணைப் பெற்றவர்கள் அதே வளவில் பின்பக்கமாகச் சின்ன வீடொன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். நானும் அப்படி வந்தவன்தான். முன்வீட்டில் நான், மனைவி, எங்கள் மகள். பின்வீட்டில் மாமாவும் மாமியும்.

மருமகன் என்றால் எங்கள் ஊரில் பெரிய மரியாதை. மீன் கறியில் நல்ல துண்டு என் சோற்றுக் கோப்பைக்குத்தான் வரும். மாமி என் முன்னால் வந்து நின்று பேசியதில்லை; கதவுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு வார்த்தை சொல்வார். மருமகன் சொன்னதை மறுத்துப் பேசுவது இரண்டு பேருக்குமே தெரியாத வேலை. எனக்கோ வாய் நீளம்.

என் தொழில் குளிரூட்டும் இயந்திரங்கள் திருத்துவது. ஒலுவில் துறைமுகப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலை, மீன் முதலாளிமாரின் ஃபிரீசர்கள், கடைகளின் கூலர்கள் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இயந்திரம் நின்றால் முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு புலம்புவார். நான் அதைக் காதில் போடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிப்பேன். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும் காரணம் கேட்பேன். காரணம் இல்லாவிட்டால் அது எனக்குப் பேச்சே இல்லை.

மாமாவுக்குச் சாகாமத்தில் வயல் இருந்தது. எழுபதைத் தாண்டிய மனிதர் அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் போய்வருவார். கண் பார்வை, பிரஷர், ரோட்டில் ஓடும் லொறிகள் என்று ஒருநாள் உட்காரவைத்து விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓம் மகன், நீங்க சொல்றது சரி” என்று சாவியை என் கையில் தந்தார். எனக்கு வெற்றி. பிறகுதான் தெரிந்தது, மனிதர் சந்தியில் நின்று யாரோ ஒருவரின் டிராக்டரில் தொற்றிக்கொண்டு வயலுக்குப் போய்வருகிறார் என்று. அன்றைக்கு மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அந்த ‘ஓம்’ என்றால் என்ன என்று அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

அந்த நாட்களில் கொரோனாவில் மவுத்தானவர்களின் உடலை எரிக்க வேண்டும் என்பதுதான் நாட்டின் சட்டம். எங்களுக்கு அது எப்படி இருந்தது என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுவித்து, மண்ணில் வைப்பதுதான் ஒரு மனிதனுக்கு நாங்கள் செய்யும் கடைசிக் கடமை. அது இல்லாமல் போனவர்களின் செய்தி ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. மனம் பொறுக்காமல் ஆட்கள் கபன் துணியைக் கிழித்து வேலியிலும் கேட்டிலும் கட்டினார்கள். எங்கள் கேட்டிலும் ஒரு துண்டு தொங்கியது. மாமி கட்டியது.

அப்படியான ஒருநாள் பகல் சாப்பாட்டில் நானும் மாமாவும் இருந்தோம். பக்கத்து ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் மவுத்தாகி, எரித்துவிட்டார்கள் என்று மனைவி சொன்னாள். மாமா சோற்றில் கைவைத்தபடி அப்படியே இருந்தார். நான் என் வழக்கப்படி ஆரம்பித்தேன். இந்தப் பயத்தில் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்து சாகப் போகிறார்கள், அது மடத்தனம், மூச்சு முட்டினால் உடனே போக வேண்டும், உயிரோடு இருப்பவரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, செத்த உடம்புக்கு மண்ணும் ஒன்றுதான் நெருப்பும் ஒன்றுதான், அதற்கு ஒன்றும் தெரியாது என்றேன். கடைசியாகச் சொன்னதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஆனால் அதிலும் பிழையான காரணம் எதுவும் இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மாமா தலையை ஆட்டினார். “ஓம் மகன். நீங்க சொல்றது சரிதான்.”

கதவுக்குப் பின்னால் மாமி நின்றது தெரியும். 

அதற்குப் பிறகு மாமா முன்வீட்டுக்குச் சாப்பிட வருவது நின்றது. கேட்டால் “கொஞ்சம் சளி” என்றாள் மனைவி. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கும் போகவில்லை. பள்ளிவாசலில்தான் ஆட்களை மட்டுப்படுத்தியிருக்கிறார்களே என்று எடுத்துக்கொண்டேன். வயல் விதைப்புக் காலம், அதைப் பற்றிக்கூட அவர் வாய் திறக்கவில்லை. முன்வீட்டுத் தலையணைகள் இரண்டைக் காணவில்லை. பின்வீட்டு வாசலில் மாமாவின் செருப்பு வாரைக் கத்தியால் வெட்டி அகலமாக்கியிருந்தது. எல்லாவற்றையும் என் கண் பார்த்தது. வேலையில் ஒரு குழாயில் வியர்வை துளிர்த்தாலே ஏன் என்று குனிந்து பார்க்கிறவன் நான். இங்கே பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஐஸ் தொழிற்சாலைக்குப் போகும் வழியில் வெள்ளம் ஏறிவிட்டது. பாதி வழியில் திரும்பி, பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். முன்வீட்டில் ஆளில்லை. பின்வீட்டுக்குப் போய்க் கதவைத் தள்ளினேன்.

மாமா கட்டிலில் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சையும் கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மாமி பக்கத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். என் மனைவி வாப்பாவின் நெஞ்சைத் தடவியபடி இருந்தாள். என் மகள் மூலையில் விசிறியோடு நின்றாள். என்னைக் கண்டதும் நான்கு பேரும் பயந்தார்கள். நோயைக் கண்டு அல்ல, என்னைக் கண்டு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூட எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று வாயை மூடச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் ஃபோனை எடுத்து அம்புலன்ஸுக்கு அடித்தேன். மாமி முதல்தடவையாகக் கதவு இல்லாமல் என் முன்னால் வந்து நின்றார். முக்காடு விலகியிருந்தது.

“வாணாம் மகன். அங்க கொண்டு போனா மையித்தக்கூடத் தரமாட்டாங்க மகன்.”

நான் கேட்கவில்லை. இடத்தைச் சொல்லி, உடனே வரும்படி சொன்னேன். மாமா கையை நீட்டினார். கிட்டப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க சொல்றதெல்லாம் சரிதான் மகன்... ஆனா எனக்குப் பயமா இரிக்கி.”

அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ‘ஆனா’ என்று சொன்னது அது ஒருதடவைதான். எனக்கு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் காரணங்கள்தான். அவற்றில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. “ஒண்டும் நடக்காது மாமா, நான் கூடவே வாறேன்” என்றேன். கூடப் போக விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அம்புலன்ஸ் சத்தம் சந்தியில் கேட்கும்போது அவர் பிடி இறுகியது. வாசலுக்கு வருவதற்குள் தளர்ந்துவிட்டது. இன்னாலில்லாஹி என்று மாமி சொன்ன சத்தத்தில்தான் எனக்கு விளங்கியது.

வீட்டில் மவுத்தானாலும் கொரோனாச் சோதனை செய்யாமல் அடக்க முடியாது. உடம்பை மூடிய உடுப்போடு வந்தவர்கள் மாமாவை எடுத்துப் போனார்கள். முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் மாமாவுக்காக அழவில்லை. அந்த முடிவுக்காகத்தான் அழுதோம். மாமி கேட்டில் கட்டிய வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வாங்க என்றால் வரவில்லை. நானும் தொழுகையில் கையேந்தி ஒரே ஒன்றைத்தான் கேட்டேன். செத்த உடம்புக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்ன அதே வாயால், யா அல்லாஹ், அவருக்கு மண்ணைக் கொடு என்று கேட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னைத்தான் கூப்பிட்டார்கள். தொற்று இல்லை, ஜனாஸாவை எடுத்துப் போகலாம் என்றார் டொக்டர். எனக்குக் கண் மங்கிவிட்டது. அவர் வேறு ஏதேதோ கேட்டார். கால் வீங்கியிருந்ததா, படுக்க முடியாமல் உட்கார்ந்தா தூங்கினார், பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடி வந்து மனைவிக்கு அடித்தேன். “இல்லையாம்! கொரோனா இல்லையாம்!” என்று மழைக்குள் நின்று கத்தினேன்.

மாமி வளவு ஈரத்திலேயே நெற்றி படச் சுஜூதில் விழுந்தாராம். அக்கம்பக்கத்து ஆட்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு மவுத்து நடந்திருந்தது. நாங்கள் பெருநாளைப்போலச் சந்தோஷப்பட்டோம். மாமாவை எங்கள் கையாலே குளிப்பாட்டி, எங்கள் ஊர் மையவாடியிலேயே அடக்கினோம். மழையில் கபுருக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. நானும் குனிந்து மண்ணை அள்ளிப் போட்டேன்.

கையில் ஒட்டிய சேற்றைக் கழுவ மையவாடிப் பைப்படிக்குப் போனேன். அங்கே வைத்துத்தான் டொக்டர் கடைசியாகச் சொன்னது காதுக்குள் வந்தது. அவர் சொல்லும்போது நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆனால் சந்தோஷத்தில் உள்ளே போகவில்லை. “இது இருதயம் களைச்சு, நெஞ்சில தண்ணி கட்டினது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தா ஊசி போட்டுத் தண்ணிய இறக்கியிருக்கலாம். நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார்.”

தொற்று இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அவர் சாகத் தேவையில்லை என்பதுதான் அர்த்தம். கணக்குப் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும் இந்த விஷயம், காரணம் கேட்டே வளர்ந்த எனக்கு மண் போட்டு முடிந்த பிறகுதான் விளங்கியது. பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ வந்து மூடினார்கள்.

கத்தம் ஓதி எல்லாம் முடிந்து வீடு வெறுமையான பிறகு, மனைவியிடம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சண்டை பிடிக்கத்தான் கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை.

“வாப்பா பயப்படுறாருண்டு சொன்னா, நீங்க என்ன சொல்லுவீங்க? பயப்படக் காரணம் இல்லண்டு சொல்லுவீங்க. உங்களோட கதைச்சி ஆருக்கு வெல்ல ஏலும்?”

 நான் சரியாகவே சொன்னேன், மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று. அது அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. ஆனால் நான் அதைச் சொன்ன விதத்தில், பயத்தை வைத்துக்கொள்ள அவர்களுக்கு என் முன்னால் இடமே இருக்கவில்லை. அதைப் பின்வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டார்கள். இயந்திரத்துக்குப் பயம் கிடையாது. அதனால் எனக்கு அதை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறதா மாமா என்று ஒரு நாள் கேட்டிருந்தால், மனிதர் சொல்லியிருப்பார். இரண்டு பேருமாக வேறு வழி ஏதும் யோசித்திருப்போம். நம்பிக்கையான டொக்டர் ஒருவரை வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டியிருப்போம். அந்தக் கால்களைப் பார்த்ததுமே இது கொரோனா இல்லை, இருதயம் என்று அவர் சொல்லியிருப்பார்.

சில மாதங்களில் எரிக்கும் சட்டமும் மாறியது. கேட்டில் கட்டியிருந்த துணி வெயிலில் நைந்து விழுந்துவிட்டது.

டொக்டர் சொன்னதை மாமியிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மாமி எனக்கு மீன் கறி கொடுத்தனுப்பிவிட்டு, பழையபடி கதவுக்குப் பின்னால் வந்து நின்று அதையேதான் சொல்வார்: “அவருக்கு மண் கெடச்சிச்சி மகன். அது போதும் எனக்கி.” உங்கள் துஆவினால்தான் கிடைத்தது என்றும் சொல்வார். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “ஓம் மாமி” என்பேன். வேறு என்ன சொல்ல?

என் மகள் இப்போது பெரியவளாகிவிட்டாள். எதையாவது சொன்னால் ஏன் என்று கேட்பதில்லை. “ஓம் வாப்பா” என்று சொல்லிவிட்டுப் பின்வீட்டுக்கு, மாமியிடம் போய்விடுகிறாள். ஊரில் எல்லோரும் நல்ல அடக்கமான பிள்ளை என்கிறார்கள். அவள் அப்படித் தலையாட்டிவிட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தச் சாத்தின கதவுதான் ஞாபகம் வருகிறது. எழும்பிப் போய்த் தட்ட வேண்டும் என்று நினைப்பேன், தட்டினால் என்ன கேட்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.