மயில் பேனும் கோழிக் கூடையும்

1959 ஜூலை 11, சனிக்கிழமை, காலை பத்தே கால். தூறல், குளிர்காற்று. பெங்களூரில் நான் வேலை பார்த்த கால்நடை ஆய்வுக்கூடத்துக்குச் செத்த மயில் ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் மாரி. ஸ்ரீராம்புரத்துக்காரர், ஒரு மில் முதலாளியின் பங்களாவில் ஐந்து மயில்களைப் பார்த்துக்கொள்பவர்.

"பேன் புடிச்சி செத்துச்சாம் சார். நான் திருட்டுத்தனமா கோழி வளத்தேனாம், அதுலேருந்து ஏறிச்சாம். பங்களா மேனேஜர் சொல்றாரு. உங்க ரிப்போர்ட்ல கோழிப் பேன்னு வந்தா எனக்குச் சீட்டு கிழிஞ்சிது."

"வளத்தீங்களா?"

"எங்க சார்! விடியறதுக்கு முன்னாடி கத்தறதுக்கு வூட்ல சம்சாரம் இருக்குது."

பறவைப் பேன் ரத்தம் குடிப்பதைவிட இறகைக் கடித்துத் தின்பதே அதிகம். பெரும்பாலும் ஒரு பறவையின் பேன் இன்னொரு வகைப் பறவையில் குடியிருக்காது. அதனால் பேனை வைத்துப் பறவையின் சகவாசத்தைச் சொல்லிவிடலாம். மயிலைச் சீவியதில் பதினான்கு கிடைத்தன. காஸ்டிக் பொட்டாஷில் ஊறவைத்து, கழுவி, திங்கட்கிழமை ஸ்லைடில் ஏற்றினேன். பதினொன்று கோனியோடெஸ் பாவோனிஸ். மயிலுக்கே உரியது, அகலத் தலை, கன்ன முனைகள் கூராக நீண்டிருக்கும். மீதி மூன்று மெனோபான் காலினே. கோழிப் பேன், உணர்கொம்பு தலைக்கு அடியில் ஒளிந்திருக்கும். மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பப் பார்த்தேன். அதே மூன்று.

சாவுக்குக் காரணம் குடல்புழு என்று பக்கத்து அறையில் ஏற்கெனவே கண்டுவிட்டார்கள். ஆனால் மேனேஜருக்கு வேண்டியது கோழி.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் மைசூர்க்காரர். தமிழ் பேசுவார், கன்னடத்தில் முடிவெடுப்பார். "ஆயித்து ரீ, முடிஞ்சுது. மயில் மேல கோழிப் பேன். அந்த ஆளு கோழி வெச்சிருக்கான். எழுதி அனுப்புங்க" என்றார்.

அன்று நான் எழுதவில்லை. மறுநாள் மாரியைக் கூப்பிட்டேன்.

"மயிலை எதுல கொண்டாந்தீங்க?"

"கோழிக் கூடைலதான். மார்க்கெட்ல பாய் கடைல கேட்டு வாங்கினேன். செத்த மயிலுக்குப் பல்லக்கா குடுப்பாங்க?"

கூடையில் உதிர்ந்து கிடந்த கோழிப் பேன், கிடைத்த இறகில் ஏறிக்கொண்டிருக்கும். தலைவரிடம் சொன்னேன்.

"அது ஊகம். உயிரோட நாலு இருக்குதல்லவா? அதுல பாருங்க. ஒரு கோழிப் பேன் இருந்தாலும் ரிப்போர்ட் போகும்."

புதன்கிழமை வெள்ளை ஆயில்கிளாத்தும் பைரித்ரம் பொடியும் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். மாரி மயிலைப் பிடித்துக்கொள்ள, நான் பொடியைத் தூவி இறகைக் கோதுவேன். பேன்கள் மயங்கித் துணியில் விழும். பெண் மயில்கள் மூன்றும் அடங்கி நின்றன. விழுந்தவற்றில் கோழிப் பேன் இல்லை. ஆண் மயில் மட்டும் மாரியின் கையிலிருந்து துள்ளியது.

"சார், வுட்றாதீங்க!"

கைக்கு வந்ததைப் பிடித்தேன். வந்தது தோகை. மயில் மதில் பக்கம் ஓடிவிட்டது, தோகை என் கையிலேயே இருந்தது. பின்னாலிருந்து பிடித்தால் இந்த இனப் பறவைகள் இறகை விட்டுவிட்டுத் தப்பிக்கும் என்று படித்திருக்கிறேன். பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன்.

"வுட்டே இருக்கலாம் சார்" என்றார் மாரி.

எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு இறகு. மயிலை மறுபடி பிடித்துப் பொடி போட அரைமணி ஆயிற்று. அதிலும் எல்லாம் மயிலின் பேன்தான்.

ஸ்லைடுகளைப் பார்த்துத் தலைவர் கையெழுத்துப் போட்டார். "இனிமே ஒரு பறவைக்கு ஒரு துணிப்பை. புதுசு. வாசல்லயே சொல்லிடுங்க." நான் கற்ற பாடமும் அதுதான். பேனைப் பார்ப்பதற்கு முன், பறவை வந்த வழியைக் கேளுங்கள். மயிலைக் காலும் சிறகும் சேர்த்துப் பிடியுங்கள்.

ரிப்போர்ட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மேனேஜர் இரண்டு முறை படித்தார். "கோழி இல்ல, சரி. மாரி இருக்கட்டும். தோகைக்கு என்ன சொல்றீங்க? முதலாளி அடுத்த வாரம் ஃபோட்டோக்காரரை வரச் சொல்லியிருக்காரு. இவன் சம்பளத்துல புடிச்சிக்கறேன்."

"பிடுங்கினது நான்."

"அப்ப நீங்க குடுங்க. ஒண்ணுக்குக் கால் ரூபா."

கொடுத்தேன். தோகைகளையும் மேனேஜரே வைத்துக்கொண்டார். ஆறு ரூபாய் எழுபத்தைந்து நயா பைசா.