வேண்டாம் என்று சொல்லும் வேலை

அந்த மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே வகுப்பறை. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகைக்கு முன்னால் என் நாத்தனார் எழுந்து நின்றார். தண்ணீர்த் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கி ஒன்றில் காலமெல்லாம் வேலை பார்த்தவர், அதைப் பற்றி ஏதாவது சொல்லித் தொடங்குவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "நான் ஏற்காட்டுக்காரிதானுங்க. ஏரிக்குப் பக்கத்துல என் தம்பிக்கு லாட்ஜ் இருக்குது. உங்க ஊத்துத் தண்ணி ஏற்காட்டுக்கு வந்தா அவனுக்கும் லாபந்தான். அதை மொதல்லயே சொல்லிப்போடறேன்" என்றார். அந்தத் தம்பியின் மனைவியான நான் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சேலை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, இடுப்பில் குழந்தையோடு கதவோரம் நின்ற ஒரு பெண், அந்த ஊர் மகளிர் குழுவின் தலைவி, நிதானமாகக் கேட்டார்: "ஏனுங்க, அப்ப நீங்க எங்க பக்கமா, உங்க ஊட்டுப் பக்கமா?"

யாரும் சிரிக்கவில்லை. நாத்தனாரும் கோபப்படவில்லை. "இன்னும் தெரியலைங்க. கோடை முடியட்டும், சொல்றேன்" என்றார்.

நான் சேலத்திலிருந்து மருமகளாக மலையேறி வந்தபோதே என் கணவரின் அக்கா வெளிநாட்டில் இருந்தார். எங்கள் உறவில் அவரைப் பற்றி முன்கூட்டியே என்னை எச்சரித்திருந்தார்கள். படித்தவள், கல்யாணம் வேண்டாம் என்றவள், முகத்துக்கு நேரே பேசிவிடுவாள், ஜாக்கிரதையாக இருந்துகொள் என்று. கல்யாணத்துக்கு வந்தவர் சமையலறைக்குள் நுழைந்து, நகையைப் பற்றியோ சீரைப் பற்றியோ பேசாமல், "உங்க ஊட்டுல காவேரித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்?" என்று கேட்டார். மருமகளுக்கு வைக்கும் பரீட்சை என்று பயந்துபோய் நான் ஏதோ உளறினேன். பிறகுதான் புரிந்தது, எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான். அன்று முதல் நானும் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன்.

என் மாமனார் ஏற்காடு கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்தார். எஸ்டேட் ஆட்கள் வாரச்சந்தையன்று வந்து அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போவார்கள். பெண்ணைச் சேலத்துக்கு அனுப்பி இன்ஜினியரிங் படிக்கவைத்தபோது பள்ளிவாசல் பக்கம் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்களாம். "எம்புள்ள கணக்கு போடறா, போடட்டும்" என்பதற்கு மேல் அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை என்று அக்கா சொல்வார். படிப்பு முடிந்து சென்னையில் குடிநீர் இலாகாவில் சில காலம். பிறகு மேற்படிப்புக்கு வெளிநாடு. அங்கிருந்தே அந்த வங்கி வேலை.

என்ன வேலை என்று எங்களுக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. நோன்புப் பெருநாளுக்கு வரும்போது என் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கேட்பார்கள். "ஒரு ஊரு தண்ணிக்காகக் கடன் கேக்கும் கண்ணு. நான் போயி, அந்தத் தண்ணி கடைசி வரைக்கும் அங்க இருக்குமா, எல்லாருக்கும் போய்ச் சேருமான்னு பாத்துச் சொல்லணும். சேரும்னா குடுப்பாங்க. சேராதுன்னா குடுக்க மாட்டாங்க" என்பார். அப்படியானால் அத்தை நிறைய ஊருக்குத் தண்ணீர் கொடுத்திருப்பீர்கள் என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தால், அவர் தலையாட்டுவார். "நான் நெறையா வேண்டாம்னுதான் சொல்லியிருக்கேன்." அது அவருடைய தமாஷ் என்று நினைத்தோம்.

ஒருமுறை மழை பிடித்துக்கொண்டு மின்சாரம் இல்லாத மாலையில் அவர் சொன்ன கதை ஒன்று எனக்கு மறக்கவில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு மலைநாடு. அவர் வேலைக்குச் சேரும் முன்பே அங்கே ஒரு திட்டம் முடிந்திருந்தது. மலை உச்சி ஊற்றிலிருந்து அடிவாரத்து நகரத்துக்குக் குழாய். ஆனால் பாதித் தண்ணீர் வழியிலேயே காணாமல் போயிற்று. யாரோ குழாயை உடைக்கிறார்கள் என்று போலீஸ் சில பெண்களைப் பிடித்து வைத்திருந்தது. காரணத்தைக் கண்டறிய அக்காவை அனுப்பினார்கள். "பைப்புல ஓட்டை போட்டவங்களைத் தேடிப் போனேன். போயிப் பாத்தா, அவங்க ஊத்துதான் அந்தப் பைப்புக்குள்ள போயிட்டிருந்துச்சு. அவங்க ஊருக்கு ஒரு குழாய் வெக்க யாருக்கும் தோணலை" என்றார். அந்தப் பெண்களை வெளியே கொண்டுவர அவர் பட்ட பாட்டைக் கேட்டபோது, விமானத்தில் பறந்து கோட்டு போட்டவர்களோடு கைகுலுக்கும் வேலை என்று நான் நினைத்திருந்தது போய்விட்டது.

ஓய்வு பெற்று வந்தவர் எங்கள் லாட்ஜின் கீழ்த்தளத்து அறையில் தங்கினார். அந்தச் சமயத்தில்தான் ஏற்காட்டின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்ப்பதற்கென்று ஒரு தனியார் அறக்கட்டளை பணம் போட முன்வந்தது. சேர்வராயன் கோயில் போகும் பாதையிலிருந்து பிரிந்து போகும் அந்த மலைக்கிராமத்தில் வற்றாத ஊற்று ஒன்று உண்டு. அதைத் தேக்கி, குழாய் போட்டு, ஏற்காட்டுக்குக் கொண்டுவருவது திட்டம். என் கணவரும் மற்ற வியாபாரிகளும் அதற்காக அலையாத இடமில்லை. எங்கள் கஷ்டமும் பொய்யில்லை. சீசனில் லாட்ஜ் நிரம்பும்போதுதான் கிணறு வறளும். குப்பனூர்ப் பக்கமிருந்து தண்ணீர் லாரி ஏறி வரும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நான் எத்தனை காலைகளில் வாசலில் நின்றிருக்கிறேன். திட்டத்தை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பை அறக்கட்டளை அக்காவிடம் கொடுத்தது. தம்பிக்கு லாட்ஜ் இருக்கிறது, வேறு ஆளைப் பாருங்கள் என்று அவர் மறுத்தும் அவர்கள் விடவில்லை. ஊரே சந்தோஷப்பட்டது. நம்ம வீட்டுப் பெண், காரியம் முடிந்த மாதிரிதான் என்று கடைவீதியில் மிட்டாய் கொடுக்காத குறை.

அந்தப் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் பிறகு கோடை முழுவதும் அக்கா வாரம் தவறாமல் அந்த ஊற்றுக்குப் போனார். வயதானவர் தனியாகப் போகிறாரே என்று நானும் கூடப் போகத் தொடங்கினேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதை. மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களைத் தாண்டினால் சாமைக் காடு, அதற்குக் கீழே பாறை இடுக்கில் ஊற்று. ஒரு வாளியை வைத்து அது நிரம்பும் நேரத்தைப் பார்ப்பார். பிறகு அங்கே குடத்தோடு வரும் பெண்களிடம் பேசிக்கொண்டிருப்பார். முதலில் அவர்கள் என்னிடம் பேசமாட்டார்கள். லாட்ஜ்காரி என்று தெரியும். நாளாக நாளாக, நாங்கள் வந்தால் பாறையில் இடம் விட்டார்கள்.

மே மாதம் கோடைவிழாக் கூட்டத்தில் மலை திணறியது. அதே சமயம் ஊற்று மெலிந்துபோயிற்று. வற்றவில்லை, அது உண்மை. ஆனால் ஒரு குடம் நிரம்புவதற்குள் அடுத்தவளுக்குக் கால் கடுத்துவிடும். அந்த மகளிர் குழுத் தலைவி தன் குழந்தையைப் பாறை நிழலில் தூங்கப் போட்டுவிட்டுக் காத்திருப்பதைப் பார்த்தேன். அன்று வீடு திரும்பியபோது எங்கள் மாடித்தொட்டி காலி. லாரி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. தங்க வந்தவர் ஒருவர் சோப்பு நுரையோடு அறைக்கதவைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்த எனக்கு எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. யாராவது கேட்டிருந்தால், தண்ணீர் வரட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அக்கா அறக்கட்டளைக்கு வேண்டாம் என்று எழுதினார். மழைக்காலத்தில் மிஞ்சும் தண்ணீரை மட்டும், அதுவும் அந்த ஊருக்குக் குழாய் போட்ட பிறகு, அவர்கள் சம்மதித்தால் எடுக்கலாம். கோடையில் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது. இப்படி ஒரு திட்டத்தால் அறக்கட்டளைக்கு என்ன பெருமை? அவர்கள் வேறு மலைக்குப் போய்விட்டார்கள்.

சாப்பாட்டு மேசையில் என் கணவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "உலகத்துக்கெல்லாம் தண்ணி குடுத்தே. சொந்த ஊட்டுக்கு இல்லைன்னுட்டியே அக்கா."

"நான் யாருக்கும் தண்ணி குடுத்ததில்லை தம்பி. யாருகிட்டருந்து எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். என் உத்தியோகமே அதுதான்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கடைவீதியில் அக்கா சலாம் சொன்னால் பதில் சலாம் வந்தது, நின்று பேச ஆளில்லை. ஒரு நாள் அக்கா தன் இரண்டு பெட்டிகளோடு சேலத்துக்குப் போய் ஒரு வீட்டில் வாடகைக்குக் குடியேறினார். நான் தடுத்தேன். என் கணவர் வரவேற்பு மேசையை விட்டு எழுந்து வரவில்லை.

சேலத்துக்குப் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். முதன்முறை போனபோது அவர் உடைந்து போயிருப்பார், தம்பியை நினைத்து அழுவார் என்று நினைத்தேன். அவருக்கு உறுத்தியது வேறு. "வேண்டாம்னு சொன்னது சரிதான். இப்பவும் அதையேதான் சொல்லுவேன். ஆனா அந்தப் பொம்பளைங்க இன்னைக்கும் கொடத்தோட நிக்கறாங்க. தப்பைத் தடுத்தேன், நல்லது ஒண்ணும் நடக்கலை. காலம் பூரா இப்படித்தான் வேண்டாம்னு எழுதிப்போட்டு அடுத்த ஏரோப்பிளேன் ஏறிட்டேன். இங்கிருந்து எங்க ஏறறது?" என்றார்.

அவர் எங்கும் ஏறவில்லை. அந்த ஊருக்கு மட்டும் ஒரு சிறு தொட்டியும் தெருக்குழாய்களும் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கத் தொடங்கினார். மந்திரிகளோடு உட்கார்ந்து பேசியவர் ஆட்சியர் அலுவலகத்து மரபெஞ்சில் காத்துக்கிடந்தார். பெரிய திட்டத்துக்குப் பணம் தர ஆள் இருக்கிறது, சின்னதுக்கு யாரும் இல்லை என்று அலுத்துக்கொள்வார். மறுநாள் மறுபடி போவார். மகளிர் குழுத் தலைவியும் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி வந்து அவரோடு சேர்ந்துகொள்வார். அதிகாரி கேட்கும் கேள்விக்கெல்லாம் அந்தப் பெண்ணையே பதில் சொல்லவிட்டு, அக்கா ஓரமாக உட்கார்ந்திருப்பார். சில வருடங்கள் இப்படியே போயின. கடைசியில் அரசுத் திட்டம் ஒன்றில் இடம் கிடைத்தது. குழாய் போக வேண்டிய நிலத்துக்கு எஸ்டேட் முதலாளி சம்மதித்தார். தெருக்குழாயில் முதல் தண்ணீர் வந்த நாளில் சேர்வராயனுக்குப் பொங்கல் வைத்து, எங்களுக்கும் சொல்லியனுப்பினார்கள். நான் போனேன். கணவர் வரவில்லை.

எங்கள் லாட்ஜிலும் நான் ஒரு வேலை செய்தேன். கார் நிறுத்துமிடத்தைத் தோண்டி மழைநீர்த் தொட்டி கட்டினேன். வரைபடம் அக்காவுடையது. அது என் கணவருக்குத் தெரியும், கேட்கவில்லை. இந்த மலையில் பெய்யும் மழைக்கு அது சீக்கிரமே நிரம்பியது. லாரி வருவது நிற்கவில்லை, குறைந்தது.

சென்ற ஆண்டு அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். செய்தி வந்ததும் என் கணவர் சட்டையைக்கூட மாற்றாமல் காரை எடுத்தார். அறுவை சிகிச்சை முடிந்து, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிதானித்து, அக்காவை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை. கீழ்த்தளத்து அறையில் கைப்பிடிகள் பொருத்த அவரே நின்று வேலை வாங்கினார். இப்போது அக்கா தடியூன்றி நடக்கிறார். இன்னமும் எங்கெங்கிருந்தோ அவருக்கு வீடியோ அழைப்பு வருகிறது. அவர் ஆங்கிலத்தில் நிதானமாக யாருக்கோ எதையோ வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும்.

போன மாதம் ஒரு மதியம் இரண்டு பேர் பழக்கூடையோடு வந்தார்கள். அந்த மலைக்கிராமத்துக்குப் பக்கத்தில் புதிதாக ரிசார்ட் கட்டுகிறவர்கள். ஊற்றுத் தண்ணீரில் தங்களுக்கும் ஒரு குழாய் வேண்டுமாம். ஊர்க்காரர்கள் பிடி கொடுக்கவில்லையாம். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஊர் கேட்கும் என்று வந்திருக்கிறார்கள். அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பலாமா என்று நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வரவேற்பு மேசையிலிருந்து எழுந்து வந்தார்.

"அக்காவைக் கேட்டு என்னங்க ஆகப்போகுது? அது அந்த ஊர்க்காரங்க தண்ணி. அவங்க ஊட்டுப் பொம்பளைங்களைப் போயிக் கேளுங்க. அவங்க வேண்டாம்னா வேண்டாந்தானுங்க" என்றார். அவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அவர் பழக்கூடையை எடுத்து மரியாதையாக அவர்கள் கையிலேயே கொடுத்து, வாசல் வரை கூடப் போய் வழியனுப்பினார்.

திரும்பி வந்தபோது அக்காவின் அறைக்கதவு சற்றுத் திறந்திருந்தது. அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக விழித்திருந்தார் என்று தெரியாது. என் கணவர் வாசற்படியிலேயே நின்றார்.

"தம்பி, டீ குடிச்சியா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லை" என்றார் அவர்.

நான் பால் வைக்க உள்ளே போனேன். டீயை எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த ஊற்று எப்படியிருக்கும், போய்ப் பார்க்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடங்களில் அவர் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.