முதல் வரியில் இருந்த பெயர்

மகன் மடிக்கணினியில் எண்பதுகளின் விண்கல விளையாட்டு ஒன்றை இறக்கி ஓடவிட்டான். குண்டு பாயும் அந்தப் பிய்யூ பிய்யூ சத்தம் கேட்டதும் எனக்குச் சுக்கு வாசம் அடித்தது.

நான் வளர்ந்த கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில், சுக்குக் கிடங்கை ஒட்டி ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அண்ணன் முருகன் அங்கேயே கிடப்பான். அதிகப் புள்ளி எடுத்தவன் தன் பெயரின் மூன்று ஆங்கில எழுத்தைத் திரையில் பதிக்கலாம். முதல் வரியில் எப்போதும் அவன்தான். அணைத்தால் பெயர்கள் அழிந்துவிடும் என்பதால் கடைக்காரச் சேட்டன் இயந்திரத்தை அணைக்கவே மாட்டார்.

ஒருநாள் முனிசிபாலிட்டிக் காக்கியோடு வந்த அப்பா, எல்லார் முன்னாலும் அண்ணனை அறைந்தார். மறுநாள் அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான்.

அதன்பிறகு வேலை முடிந்ததும் அப்பா என்னை அங்கே கூட்டிப்போவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

"மோளே, நம்ம முருகன் பேரு எது?"

நான் காட்டுவேன். அடித்த மனிதருக்கு அந்தப் பெயர்கூட மிஞ்சக் கூடாது என்று எனக்குள் ஆத்திரம். சேட்டன் சாயா குடிக்கப் போன நேரம் பார்த்து ஒருநாள் பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன்.

மறுநாளும் அப்பா கேட்டார். முதல் வரியில் வேறு யாரோ பதித்த மூன்று எழுத்து.

"இதுதான்ப்பா."

அவர் துண்டால் திரையின் கண்ணாடியைத் துடைத்து, அதை விரலால் தொட்டார். அந்தக் கடையை மூடிய வருஷம்வரை தினமும் தொட்டார். அண்ணன் திரும்பவேயில்லை.

"அம்மா, இங்க பாரு, என் பேரு முதல்ல!" என்றான் மகன். "சேவ் பண்ணியாச்சு. இனி ஆஃப் பண்ணினாலும் போகாது."