லிஃப்டில் கேட்ட சொல்

மருத்துவமனையின் ஆறு மாடிகளுக்கும் ஒரே லிஃப்ட். அதை இயக்குபவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘அகராதி’. பதினைந்து வருடமாக முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கியபடி, டாக்டர்கள் பேசும் இங்கிலீஷைக் காதில் வாங்கிக்கொள்வார். புதிதாக ஒரு சொல் விழுந்தால் போதும், மருந்துக்கடைப் பெண்ணிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டு நோட்டில் ஏற்றிவிடுவார். எட்டாவதோடு நின்றுபோன படிப்பு. அந்த ஆற்றாமையை இப்படித்தான் தணித்துக்கொண்டார். இப்போது ஆறாவது நோட்டு ஓடுகிறது.

வீட்டில் மனைவி சும்மா விடமாட்டாள். “பேருக்கேத்த ஆளுதான், அகராதி புடிச்ச மனுஷன்” என்று சிரிப்பாள். ஆனால் அக்கம்பக்கத்தில் யாருக்காவது இங்கிலீஷில் கடிதம் வந்தால், “எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாத வார்த்தையே கிடையாது” என்று அவளே வலியப் போய் வாங்கி வருவாள்.

முதுகுவலி என்றுதான் அவளுக்குத் தொடங்கியது. மாத்திரைக்கு அடங்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் பகலில், சக்கர நாற்காலியில் அவளை அவரே லிஃப்டில் ஏற்றினார். மூன்றாம் மாடியில் இரண்டு டாக்டர்கள் ஏறினார்கள். ஒருவர் கையில் அவளுடைய ஃபைல். இங்கே யாருக்கு இங்கிலீஷ் புரியப்போகிறது என்ற நினைப்பில் தாராளமாகப் பேசினார்கள். எலும்பு வரை பரவிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை, இனி பேலியேட்டிவ்தான்.

அவருக்கு ஒரு சொல் பாக்கியில்லாமல் புரிந்தது. ஐந்தாம் மாடி வந்தும் கதவைத் திறக்காமல் நின்றார்.

“என்னப்பா, தூங்கிட்டியா?” என்றார் ஒரு டாக்டர்.

அவர்கள் இறங்கிப் போனதும் மனைவி கேட்டாள். “என்னைப் பத்தித்தானே பேசினாங்க? என்ன சொன்னாங்க?”

“தெரியல.”

“உங்களுக்கா?”

அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையை நீட்டி அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அவர் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். “அந்த டாக்டர் கடைசியா ஒண்ணு சொன்னாரே, பேலியோ என்னவோ. அதுக்கு என்னங்க அர்த்தம்?”

அவர் சீப்பில் சிக்கிய முடியை விரலால் எடுத்தார். “வலி தெரியாமப் பாத்துக்கறது.”

“நல்ல வார்த்தைதானே? அதைச் சொல்லவா இத்தனை நாள்?”

லீவு போட்டுவிட்டு, பதினோரு வாரம் அப்படித்தான் பார்த்துக்கொண்டார். சில நாள் வலி அவரையும் மீறியது, மருந்தையும் மீறியது. பன்னிரண்டாவது வாரம் அவள் போய்ச் சேர்ந்தாள்.

வேலைக்குத் திரும்பியவர், சலவைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டார். லிஃப்டை விட்டு ஈரத்துணி அலசவா என்று மேலாளருக்கு ஆச்சரியம்.

“அங்க மெஷின் சத்தத்துல யார் பேசுறதும் கேக்காதுங்க ஐயா” என்றார்.